இந்தப் பழம் புளிக்கும்

ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில், செம்ப்ளேன் மலையடிவாரக் கிராமங்களில் ஒரு கதை சொல்வார்கள். 1630 வாக்கில், லோராண்ட்ஃபி சுசன்னா என்ற பிரபுகுலப் பெண்மணியின் பண்ணையில் செப்ஷி லாட்ஸ்கோ மாட்டே என்றொரு கால்வினியப் போதகர் இருந்தார். ஓரெமுஷ் என்ற மலைச்சரிவுத் தோட்டம் அவருடைய மேற்பார்வையில் இருந்தது. அறுவடை தொடங்க வேண்டிய நேரத்தில் துருக்கியப் படை வருகிறது என்று பேச்சு கிளம்பியது. கூலியாட்களை மலையில் ஏற்ற அவருக்குத் துணிவு வரவில்லை. நவம்பர் பிறந்து, பயம் தெளிந்து போய்ப் பார்த்தால், கொத்துகள் எல்லாம் சுருங்கி, பூசணம் பிடித்து, சாம்பல் நிறத்தில் தொங்குகின்றன. எறிய மனமில்லாமல் அந்தப் பழங்களைத் தனியே நசுக்கிச் சாறெடுத்து நொதிக்க வைத்தார். அடுத்த ஈஸ்டருக்கு அது சீமாட்டியின் மேசைக்கு வந்தது. உலகப் புகழ் பெற்ற டோக்காய் அசூ என்ற இனிப்பு ஒயின் அப்படித்தான் பிறந்ததாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காகிதங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1571-ஆம் ஆண்டின் சொத்து ஆவணம் ஒன்றிலேயே அசூ ஒயின் பேசப்படுகிறது. பலாஷ் சிக்சாய் ஃபாப்ரிசியுஷ் என்ற அறிஞர் 1576-இல் எழுதி முடித்து, 1590-இல் அச்சேறிய லத்தீன்–ஹங்கேரியச் சொற்தொகுதியிலும் அது இடம்பெற்றிருக்கிறது. நம் போதகர் பிறந்ததே 1576-இல்தான். அவர் தொட்டிலில் கிடந்தபோதே, அவர் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் ஒயின் அகராதியில் ஏறிவிட்டது.

இதே கதையை வேறு இரண்டு ஊர்களிலும் கேட்கலாம். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள யோஹானிஸ்பெர்க் மாளிகையில் ஆண்டு 1775. அறுவடைக்கு அனுமதி தர வேண்டியவர் தொலைவிலிருந்த ஃபுல்டா நகர ஆயர். அனுமதிக் கடிதத்தோடு வரவேண்டிய குதிரைக்காரன் தாமதித்தான், பழம் அழுகியது, அற்புத ஒயின் கிடைத்தது. பிரான்சில் சோட்டெர்ன் வட்டாரத்தின் டிகெம் மாளிகையில் ஆண்டு 1847. உரிமையாளர் ரஷ்யப் பயணத்திலிருந்து திரும்பத் தாமதித்தார், பழம் அழுகியது, மற்றதெல்லாம் அதேபடி. மூன்று நாட்டிலும் பெரிய மனிதர் ஒருவரின் தாமதம்தான் கதாநாயகன். கொடிகளுக்கு நடுவே ஆண்டு முழுவதும் நின்ற குடியானவர்கள் மூன்று கதைகளிலும் வாயில்லாத கூட்டமாக ஓரத்தில் நிற்கிறார்கள். எந்த ஆண்டில் எந்தச் சரிவில் அழுகிய பழம் இனித்தது, எதில் கசந்தது என்பதைத் தின்று பார்த்தே அறிந்தவர்கள் அவர்களாகத்தான் இருக்க முடியும். இந்த ஒயினைத் தற்செயலின் பிள்ளை என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு குறிப்பிட்ட திராட்சை, ஒரு குறிப்பிட்ட மூடுபனி, கணக்கில்லாத கைவேலை, இந்த மூன்றும் தலைமுறைகளாகக் கூடி விளைந்த அறிவு இது.

அந்தத் திராட்சையின் பெயர் ஃபுர்மிண்ட். வெள்ளைத் திராட்சை வகை. டோக்காய் வட்டாரத்தில் சுமார் 5,500 ஹெக்டேரில் கொடி படர்ந்திருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபுர்மிண்ட்தான். சட்டப்படி அங்கே ஆறு ரகங்களுக்கு மட்டுமே இடம். ஹார்ஷ்லெவெலூவும் மஞ்சள் மஸ்கட்டும் ஃபுர்மிண்டுக்கு அடுத்த நிலையில் நிற்கின்றன. மற்ற மூன்றும் பேருக்கு இருக்கின்றன. ஹார்ஷ்லெவெலூ ஃபுர்மிண்டின் பிள்ளை என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. ஃபுர்மிண்ட் இத்தாலியிலிருந்து வந்தது, பிரான்சிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது என்றெல்லாம் பழைய பேச்சுகள் உண்டு. மரபணு காட்டும் உறவு வேறு. கூவே பிளாங் என்ற பழைய ஐரோப்பிய ரகத்துக்கும் இதற்கும் நேரடி இரத்த உறவு. கூவே பிளாங் மட்டமான நாட்டு ரகம் என்று பிரபுக்கள் முகம் சுளித்த திராட்சை. உலகம் கொண்டாடும் ஷார்டனே, ரீஸ்லிங் இரண்டுக்கும் பெற்றோரில் ஒன்று அதுவே. குலப்பெருமை பேசும் ஒயின் உலகத்தின் பாட்டி வீடு இப்படி ஒரு குடிசை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஃபுர்மிண்ட் வசந்தத்தில் சீக்கிரம் துளிர்க்கும். பழுப்பதற்கு மட்டும் அவசரமே காட்டாது. மற்ற வட்டாரங்களில் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகும் இது கொடியில்தான் இருக்கும். செப்டம்பரில் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தால், நம் ஊர்க் கதையில் நரி சொன்னது சரிதான் என்று தோன்றும். அப்படி ஒரு புளிப்பு. நாள் செல்லச் செல்லச் சர்க்கரை ஏறும், தோல் மெலியும். புளிப்பு மட்டும் லேசில் விட்டுக்கொடுக்காது. மற்ற ரகங்களில் குறையாகக் கருதப்படக்கூடிய இந்தப் பிடிவாதம்தான் ஃபுர்மிண்டின் செல்வம். ஏன் என்று பார்க்கப் பூஞ்சையிடம் போக வேண்டும்.

போட்ரைட்டிஸ் சினேரியா என்ற பூஞ்சை உலகெங்கும் விவசாயிக்குப் பகை. ஸ்ட்ராபெரி, தக்காளி, ரோஜா என்று எதிலும் சாம்பல் நிறப் பூசணமாகப் படர்ந்து பயிரைப் பாழாக்கும். திராட்சையிலும் பெரும்பாலும் அதே வேலைதான். ஈரம் ஓயாமல் இருந்தால் பழம் வெடித்து, புளித்த காடி வாடை அடித்து, கொத்தே கொழகொழவென்று போய்விடும். ஈரமும் காய்ச்சலும் முறைவைத்து மாறி மாறி வந்தால் நடப்பது வேறு. காலையில் ஈரம் பூஞ்சையை வளர்க்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத நூல்களால் பழத்தோலைத் துளைக்கிறது. நண்பகலில் வெயிலும் காற்றும் வந்து பூஞ்சையை அடக்குகின்றன. துளைகள் வழியே பழத்தின் நீர் ஆவியாகிறது. சில வாரங்களில் பழம் ஊதா கலந்த பழுப்பில் சுருங்கி, உலர்ந்த திராட்சைக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு தோற்றத்துக்கு வரும். உள்ளே சர்க்கரை செறிந்திருக்கும். பூஞ்சை தன் பங்குக்குக் கிளிசராலையும் புதிய மணங்களையும் சேர்த்திருக்கும். பாதாமி, ஆரஞ்சுத் தோல், தேன், குங்குமப்பூ என்று ரசிகர்கள் அடுக்கும் மணங்கள் பல இந்த நோயின் கொடை.

டோக்காயில் இதற்கென்றே வாய்த்த நில அமைப்பு இருக்கிறது. போட்ரோக் என்ற சோம்பல் நதி திசா நதியில் கலக்கும் முனையில் டோக்காய் ஊர். போட்ரோக் வேகமில்லாமல், தாழ்ந்த புல்வெளிகளை நனைத்துக்கொண்டு ஓடுகிறது. இலையுதிர்காலக் காலைகளில் அதிலிருந்து எழும் மூடுபனி சரிவுகளில் ஏறிப் படுத்துக்கொள்ளும், நண்பகலுக்குள் கலைந்துவிடும். ஊருக்குப் பின்னால் 500 மீட்டரைத் தாண்டி நிற்கும் மொட்டை மலையும், அதற்கப்பால் உள்ள குன்றுகளும் அணைந்துபோன எரிமலைகள். எரிமலைப் பாறையும், காற்று கொண்டுவந்து சேர்த்த வண்டலும் கலந்த மண். அந்த மண்ணுக்கு ஒயின் எழுத்தாளர்கள் கூறும் மகிமைகளில் பாதியை நான் தள்ளுபடி செய்துவிடுவேன். மூடுபனியை மட்டும் தள்ள முடியாது. அது இல்லையென்றால் அசூ இல்லை.

இப்போது புளிப்புக்கு வருவோம். நாம் கடையில் வாங்கும் கோலா பானத்தில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை. உயர்தர அசூவில் 150 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது விதி; பல புட்டிகளில் 200-ஐ நெருங்கும். இந்தக் கணக்குப்படி அது வாயில் ஒட்டிக்கொண்டு திகட்ட வேண்டும். திகட்டுவதில்லை. நீர் வற்றும்போது சர்க்கரையோடு சேர்ந்து புளிப்பும் செறிகிறது. மாங்காய்ப் பச்சடியில் வெல்லம் எவ்வளவு போட்டாலும் மாங்காய் கைவிடாதது போல, ஃபுர்மிண்டின் அமிலம் அத்தனை இனிப்பையும் தாங்கி நிறுத்துகிறது. புளிப்பு குறைந்த ரகத்தை இதே பூஞ்சைக்குக் கொடுத்தால் பாகுதான் கிடைக்கும். புட்டிகள் நூறாண்டு கடந்தும் உயிரோடிருப்பதற்கும் சர்க்கரையும் அமிலமும் சேர்ந்தே காரணம். இனிப்பு ஒயினின் தரம் அதன் புளிப்பில் இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லலாம். ஃபுர்மிண்டைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த வரியைத்தான் சுற்றிச் சுற்றி எழுத வேண்டியிருக்கும்.

கொத்து முழுவதும் ஒரே நாளில் இந்தப் பதத்துக்கு வருவதில்லை. ஒரே கொத்தில் பத்துப் பழம் சுருங்கியிருக்கும், பத்துப் பழம் பொன்னிறத்தில் பளபளக்கும், இரண்டு கெட்டே போயிருக்கும். ஆகவே அசூப் பழத்தை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். அக்டோபர் பாதியில் தொடங்கி நவம்பர் வரை, சில ஆண்டுகளில் அதற்கும் மேலே, அதே வரிசைக்கு மறுபடி மறுபடி வர வேண்டும். விரல் விறைக்கும் குளிர். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தாலும் ஓர் ஆள் சேர்ப்பது பத்துக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். இயந்திரத்துக்கு இந்த வேலை தெரியாது.

சேர்த்த பழத்தைப் பழைய காலத்தில் புட்டோனி என்ற முதுகுக் கூடையில் அளந்தார்கள். ஒரு புட்டோனி என்பது சுமார் 25 கிலோ. கோன்ட்ஸ் என்ற ஊரின் பெயரால் வழங்கும் 136 லிட்டர் பீப்பாயிலுள்ள சாதாரண ஒயினில் எத்தனை புட்டோனி அசூப் பழத்தைக் கூழாக்கிக் கலக்கிறார்களோ, அந்த எண்ணே ஒயினின் தரவரிசை. ஆறு புட்டோனி என்றால் 150 கிலோ. ஓர் ஆள் பதினைந்து நாள் பொறுக்கியது ஒரே பீப்பாய்க்குள் போகிறது. கூழை ஒரு நாள், இரண்டு நாள் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி நொதிக்கவிட்டு, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 18 மாதம் வைக்க வேண்டும். இன்று கூடையும் இல்லை, அந்தப் பீப்பாய் அளவைக் கட்டிக்கொண்டு அழுவதும் இல்லை. எண் மட்டும் சர்க்கரை அளவின் குறியீடாக நிற்கிறது. முன்பு மூன்று, நான்கு புட்டோனி அசூக்களும் விற்றன. 2013-இல் விதியை இறுக்கி அந்தக் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டார்கள். இப்போது லேபிளில் ஐந்து அல்லது ஆறு என்றுதான் இருக்கும். ஐந்துக்குக் குறைந்தபட்சம் லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. பொறுக்கிய அசூப் பழத்தைத் தொட்டியில் கொட்டி வைத்தால், பிழிவதற்கு முன்பே, தன் பாரத்தாலேயே அடியில் கொஞ்சம் சாறு கசியும். அதுதான் எசென்சியா. லிட்டருக்கு 450 கிராமுக்குக் குறையாத சர்க்கரை; நல்ல ஆண்டில் அதைவிட எவ்வளவோ அதிகம். அவ்வளவு சர்க்கரையில் ஈஸ்ட் மூச்சுத் திணறிப்போவதால் நொதிப்பு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அப்படியும் ஆல்கஹால் 5 சதவீதத்தை எட்டினால் பெரிய விஷயம். இதைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பதில்லை, கரண்டியில் தருகிறார்கள். சாகக் கிடக்கும் மன்னர்களுக்கு இரண்டு துளி விட்டால் எழுந்து உட்கார்வார்கள் என்று ஐரோப்பிய அரண்மனைகள் நம்பின. பழைய காலத்து மருந்துக் கடைகளிலும் இது இருந்தது. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்ளும் வாசகர்கள் அந்தக் காலத்து மருத்துவரை நம்ப வேண்டாம்.

நிலவறைகளைச் சொல்லாமல் டோக்காயைச் சொல்ல முடியாது. எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையில் கையால் குடைந்த, தலை தாழ்த்திப் போகவேண்டிய சுரங்கங்கள். உள்ளே ஆண்டு முழுவதும் 10 முதல் 12 டிகிரி குளிர், சொட்டும் ஈரம். சுவர்களைக் கறுப்புக் கம்பளி போர்த்தியது போல வேறொரு பூஞ்சை மூடியிருக்கும். பீப்பாயிலிருந்து ஆவியாகும் ஆல்கஹாலே அதற்கு உணவு. வெளியே கொடியில் ஒரு பூஞ்சை ஒயினைத் தொடங்கி வைக்கிறது, உள்ளே இன்னொன்று காவல் காக்கிறது. சுவரைத் துடைத்துச் சுத்தம் செய்தால் ஊரார் பதறிப்போவார்கள்.

இப்படிப்பட்ட ஒன்று அரண்மனைகளுக்குப் போனதில் ஆச்சரியமில்லை. டிரான்சில்வேனிய இளவரசர் இரண்டாம் ஃபெரென்ட்ஸ் ராக்கோட்ஸி, ஹாப்ஸ்பர்க் பேரரசை எதிர்த்து 1703 முதல் 1711 வரை போராடியவர். பிரான்சின் பதினான்காம் லூயியின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. தன் தோட்டத்து டோக்காயை அனுப்பினார். ‘அரசர்களின் ஒயின், ஒயின்களின் அரசன்’ என்று லூயி புகழ்ந்ததாகச் சொல்கிறார்கள். லூயி அப்படிச் சொன்னாரோ இல்லையோ, விளம்பர வாசகமாக அது இன்றும் சம்பாதிக்கிறது. ராக்கோட்ஸிக்குத்தான் போர் கைகூடவில்லை; துருக்கி மண்ணில் அகதியாக இறந்தார். ரஷ்ய அரசவை இன்னும் ஒரு படி மேலே போனது: 1733 முதல் 1798 வரை டோக்காயிலேயே ஓர் அரசுக் கொள்முதல் குழுவை உட்கார வைத்திருந்தது. உக்ரைனியத் தத்துவஞானி ஹ்ரிஹோரி ஸ்கோவொரோடா இளவயதில் 1745-இல் அந்தக் குழுவோடுதான் ஹங்கேரிக்கு வந்தார். எந்தத் தோட்டம் உண்மையான டோக்காய் என்ற எல்லையை ஹங்கேரியில் அரசாணை மூலம் 1737-லேயே வரையறுத்துவிட்டார்கள். உலகின் மிகப் பழைய ஒயின் எல்லை வரையறைகளில் அதுவும் ஒன்று.

இலக்கியத்திலும் இந்தப் புட்டி அடிக்கடி தலைகாட்டும். கோதேயின் ஃபவுஸ்டில் சாத்தான் மேசையில் துளையிட்டு வரவழைக்கும் ஒயின்களில் டோக்காய் உண்டு. டிராகுலா நாவலில் கோட்டைக்கு வந்து சேரும் ஜோனாதன் ஹார்க்கருக்கு முதல் இரவு விருந்தில் கிடைப்பது பழைய டோக்காய். ஷெர்லாக் ஹோம்ஸின் ‘கடைசி வணக்கம்’ கதையில், ஜெர்மன் உளவாளியைக் கட்டிப்போட்டுவிட்டு ஹோம்ஸும் வாட்சனும் ருசிப்பதும் அதுவே. பணமும் அதிகாரமும் உள்ள வீடு என்று காட்ட எழுத்தாளர்களுக்கு இந்த ஒரு புட்டி போதுமானதாக இருந்தது. ஹங்கேரியின் தேசிய கீதத்திலேயே டோக்காய்க் கொடிக்கு இடம் உண்டு. ஃபெரென்ட்ஸ் கோல்ச்சே அதை எழுதியது 1823-இல்.

அரசர்களின் பெயர்கள் எல்லா நூலிலும் வரும். வண்டி கட்டி விற்றவர்களின் பெயர்கள் வருவதில்லை. மன்னர்களுக்குச் சில பெட்டிகள் போயிருக்கும். ஊர் சோறு தின்றது போலந்துச் சந்தையால்தான். ஹங்கேரி ஒயின் ஹங்கேரியில் பிறந்து போலந்தில் வளர்கிறது என்று அங்கே ஒரு வழக்குச் சொல் உண்டு. போலந்து வணிகர்கள் தங்கள் நிலவறைகளில் நெடுங்காலம் வைத்து முதிரச் செய்தார்கள். 1772-இல் தொடங்கி அண்டைப் பேரரசுகள் போலந்தைத் துண்டு போட்டுக்கொண்டபோது, புதிய எல்லைகளும் சுங்கமும் வந்து அந்த வணிகத்தை நொறுக்கின.

வணிகத்தின் மற்றொரு தூண் யூதர்கள். மாட், டோல்ச்வா போன்ற ஊர்களில் அவர்கள் தோட்டமும் நிலவறையும் வைத்திருந்தார்கள். யூத மதவிதிப்படி தயாரித்த ஒயினைத் தூரத்துச் சமூகங்களுக்கு அனுப்பினார்கள். மாட் கிராமத்தில் 1795-இல் கட்டிய அழகான தொழுகைக்கூடம் புதுப்பிக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. தொழுதவர்கள் இல்லை. 1944-இல் அவர்களை ரயிலேற்றி ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோனார்கள். டோக்காய் பற்றிய சுற்றுலா ஏடுகள் லூயி மன்னருக்கு ஒரு பத்தி ஒதுக்குகின்றன. இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் அதிகம்.

போருக்குப் பின் வந்த பொதுவுடைமை ஆட்சி நிலவறைகளையும் ஒயின் உற்பத்தியையும் அரசுடைமையாக்கியது. எல்லோர் பழமும் ஒரே அரசு ஆலைக்குப் போனது. ஆலைக்குத் தேவை அளவு. சோவியத் ஒன்றியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டது. செங்குத்தான சரிவுகளில் டிராக்டர் ஏறாது என்பதால் நல்ல சரிவுகளைக் காடு மூடவிட்டு, சமவெளியில் கொடி நட்டார்கள். நல்ல தோட்டத்துப் பழமும் மட்டமான பழமும் ஒரே தொட்டியில் விழுந்தன. டோக்காய் என்ற பெயர் நாற்பதாண்டுகள் உயிரோடிருந்தது. அதற்கு அப்பால் அந்தக் காலத்தைப் பாராட்ட எதுவும் இல்லை. அந்த நாட்களிலும் சில குடும்பங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கிய துண்டு நிலத்தில் பழைய முறையைக் காப்பாற்றி வைத்திருந்தன. பின்னால் கை கொடுத்தது அந்தத் துண்டு நிலங்களின் அறிவுதான்.

1990-இல் ஆட்சி மாறியதும் வெளிநாட்டுப் பணம் வந்து இறங்கியது. பிரிட்டிஷ் ஒயின் எழுத்தாளர் ஹ்யூ ஜான்சன் முதலியோர் மாட் கிராமத்து விவசாயிகளோடு சேர்ந்து ராயல் டோக்காய் நிறுவனத்தை அந்த ஆண்டே தொடங்கினார்கள். பிரெஞ்சுக் காப்பீட்டு நிறுவனமான ஆக்ஸா டிஸ்னோக்கோ பண்ணையை வாங்கியது. ஸ்பெயினின் வேகா சிசிலியா ஒயின் நிறுவனம் போதகர் கதையில் வரும் ஓரெமுஷ் பெயரிலேயே பண்ணை அமைத்தது. உள்ளூர்க்காரரான இஷ்ட்வான் செப்ஷி விளைச்சலை வெட்டிக் குறைத்து, பழத்தைக் கடுமையாகத் தரம் பிரித்து, அசூ எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் புதிய அளவுகோல் வைத்தார். பணத்தைவிட அவருடைய பிடிவாதம்தான் டோக்காயை மீட்டது என்பது என் எண்ணம். 2002-இல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

புகழ் திரும்பியதும் பெயருக்கான வழக்கு தொடங்கியது. இது கொஞ்சம் வேடிக்கையான பகுதி. பிரான்சின் அல்சாஸில் ‘டோக்காய்’ என்று விற்றது பினோ கிரி என்ற திராட்சை. இத்தாலியின் ஃப்ரியூலியில் ‘டோக்காய்’ என்றது வேறொரு திராட்சை. ஆஸ்திரேலியாவின் ரூதர்கிளென்னில் அந்தப் பெயரில் மஸ்கடெல் என்ற மூன்றாவது திராட்சை. மூன்றுக்கும் ஹங்கேரிய டோக்காய்க்கும் சம்பந்தமே இல்லை. அதே வேளையில் அசல் ஃபுர்மிண்ட் ஸ்லோவேனியாவில் ஷிப்போன் என்றும், குரோவேஷியாவில் மொஸ்லவாட்ஸ் என்றும், ஆஸ்திரியாவில் மோஸ்லர் என்றும் வேறு பெயர்களில் வாழ்ந்துகொண்டிருந்தது. ஆஸ்திரியாவின் ருஸ்ட் நகரம் 1681-இல் பேரரசர் லியோபோல்டிடமிருந்து சுதந்திர நகர உரிமையை வாங்கியபோது, 60,000 பொற்காசுகளோடு 500 வாளி உயர்ந்த ஒயினையும் கொடுத்தது; ஃபுர்மிண்ட் வளர்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. ஆக, திராட்சை இல்லாமல் பெயர் ஒரு பக்கம் சுற்றியது, பெயர் இல்லாமல் திராட்சை மறு பக்கம் சுற்றியது.

பெயர் விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் நின்றது. புவிசார் குறியீடு என்பது இடத்துக்கு உரியது, வழக்கத்துக்கு அல்ல என்ற நிலை வென்றது. 2007 மார்ச் இறுதியோடு இத்தாலியர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டு ‘ஃப்ரியூலானோ’ என்று எழுதத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியர்கள் ‘டோப்பாக்’ என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஒரு வழக்கில் மட்டும் ஹங்கேரி வெல்ல முடியவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் 1920-இல் ட்ரியனோன் ஒப்பந்தம் எல்லையை மாற்றியபோது, டோக்காய் வட்டாரத்தின் ஒரு சிறு பகுதி இன்றைய ஸ்லோவாக்கியா பக்கம் போய்விட்டது. அதே மலை, அதே கொடி, அதே மூடுபனி. பாஸ்போர்ட் மட்டும் வேறு. அவர்களும் டோக்காய் என்றே எழுதுகிறார்கள். நியாயம் அவர்கள் பக்கமும் இருக்கிறது என்றே தோன்றுகிறது. பழத்துக்கு ஒப்பந்தம் தெரியாது.

இத்தனை வழக்குகளை நடத்திக் காப்பாற்றிய இனிப்பு ஒயினை இன்று குடிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஐரோப்பாவிலும் சர்க்கரைப் பயம் வந்துவிட்டது. விருந்தின் முடிவில் இனிப்பு ஒயின் பரிமாறும் பழக்கம் தேய்கிறது. கிடைக்கிற கூலிக்குக் குளிரில் நின்று பழம் பொறுக்க இளைஞர்கள் ஊரில் தங்குவதும் இல்லை. எனவே டோக்காய்க்காரர்கள் ஃபுர்மிண்டை இன்னொரு பக்கம் திருப்பினார்கள். பூஞ்சை பிடிக்காத பழத்தை முன்பே அறுத்து, சர்க்கரை மிச்சமில்லாமல் நொதிக்கவிட்டு, இனிப்பற்ற வெள்ளை ஒயினாக்கினார்கள். செப்ஷி 2000-ஆம் ஆண்டு விளைச்சலில் ஊராக்யா என்ற ஒரே தோட்டத்துப் பழத்திலிருந்து செய்த இனிப்பில்லாத ஃபுர்மிண்ட் பலரது கண்ணைத் திறந்தது. இப்போது பிப்ரவரி மாதத்தில் ஃபுர்மிண்டுக்கென்றே திருவிழா எடுக்கிறார்கள். அசூவைத் தாங்கி நின்ற அதே புளிப்புதான் இதிலும் முதுகெலும்பு.

பழைய ரசிகர்கள் சிலர் இதைத் துரோகம் போலப் பேசுகிறார்கள். நான் அவர்கள் கட்சி இல்லை. அசூ ஆண்டுதோறும் வருவதல்ல. மழை ஓயாத இலையுதிர்காலத்தில் நல்ல பூஞ்சைக்குப் பதில் கெட்ட அழுகல் வந்துவிடும். வறண்ட ஆண்டில் பூஞ்சையே எட்டிப் பார்க்காது. அப்படிப்பட்ட ஆண்டில் நேர்மையான தயாரிப்பாளர் அசூ செய்வதில்லை. முன்பு அவருக்கு வேறு வருமானம் இல்லாததால், கிடைத்த பழத்தை எதையாவது சேர்த்து அசூ என்று விற்கும் ஆசை இருந்தது. இனிப்பில்லாத ஃபுர்மிண்ட் வீட்டு அடுப்பை எரியவைக்கும் என்றால், இல்லாத ஆண்டில் ‘இல்லை’ என்று சொல்ல அவருக்குத் தெம்பு இருக்கும். அசூவின் தரத்தைக் காப்பது இன்று அரசாணையை விட அந்த எளிய புட்டிதான்.

புடாபெஸ்ட் பக்கம் போகும் வாய்ப்புள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் இனிப்பில்லாத ஃபுர்மிண்டை ஒரு வாய் ருசித்துவிட்டு, பிறகு அசூவைத் தொடுங்கள். இனிப்புக்கு அடியில் இருக்கும் புளிப்பு அப்போதுதான் நாக்குக்குப் பிடிபடும். அசூ பெரும்பாலும் அரை லிட்டர் புட்டியில்தான் வரும். லேபிளில் அசூ என்ற சொல்லும் விளைச்சல் ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘சமோரோட்னி’ என்று எழுதியிருந்தால் அது அசூ அல்ல. பழத்தைப் பொறுக்காமல், கொத்தோடு வந்தபடி பிழிந்தது. விலை குறைவு, சுவை மோசமில்லை. அசூ என்று சொல்லி யாராவது தலையில் கட்டினால் மட்டும் வாங்காதீர்கள்.